பாலம்மாள் சாகாத நாவல்

வள்ளித்தாய் எட்டு வருஷம் எழுதிய நாவல் மதுரைக்குப் போன ஐந்தாவது மாதம் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. அப்போது அவள் சிவகாசி அச்சகத்தில் தன் மேசையில் தினசரி காலண்டரின் ஆவணி மாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வியாழக்கிழமைத் தாளில் ராகு காலமும் எமகண்டமும் இடம் மாறி விழுந்திருந்தன. அதற்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டுத்தான் போனை எடுத்தாள்.

"அக்கா, நான் விக்னேஷ்குமார் பேசுறேன். நாவலைப் படிச்சு முடிச்சுட்டேன். நேர்ல பேசணும். ஞாயித்துக்கிழமை வர முடியுமா?"

நல்லா இருக்கா இல்லையா என்று கேட்க வாய் வரவில்லை. "வாரேன் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வள்ளித்தாய்க்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. படிப்பு பத்தாம் வகுப்பு. பதினெட்டு வயதிலிருந்து பட்டாசு ஆலைக்குப் போனவள். சாத்தூருக்குத் தெற்கே கீழச்சோலைப்பட்டியிலிருந்து காலை ஆறரைக்குக் கம்பெனி வண்டி கிளம்பும். அதில் அவளும் தங்கை குருவம்மாளும் பன்னிரண்டு வருஷம் ஒன்றாகப் போய் வந்தார்கள். ஒரு சீசன் நேரத்தில், மகள் சினேகாவுக்குக் காய்ச்சல் என்று வள்ளித்தாய் வீட்டில் இருந்துவிட்டாள். அன்றைக்குத்தான் ஆலையில் வெடித்தது. குருவம்மாள் மூன்று நாள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு வள்ளித்தாய் பட்டாசு மருந்து வாசனை அடிக்கிற பக்கமே போகவில்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் லேபிள் எண்ணிக் கட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கட்டும்போது, மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று விழுந்திருப்பதைப் பார்த்தாள். பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டுப் போனவரே அவர்தான். ஓடிப்போய் முதலாளியிடம் காட்டினாள். ஐந்நூறு பத்திரிகை வெளியே போகாமல் தப்பியது. அடுத்த வாரமே அவளுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் சிவப்புப் பேனாவும் வந்தன. காலண்டர், டைரி, பாடநோட்டு அட்டை எதுவானாலும் வள்ளித்தாய் பார்த்துச் சரி என்றால்தான் மிஷின் ஓடும்.

நாவல் எழுதியதும் அந்த அச்சகத்துத் தாளில்தான். வண்ணம் சரியாக விழுகிறதா என்று ஓட்டிப்பார்த்துக் கழித்துப்போடுகிற தாள்கள் ஒரு பக்கம் கிளியும் மயிலுமாக இருக்கும், மறுபக்கம் வெள்ளை. முதலாளியிடம் கேட்டு அள்ளிவந்து, விடியற்காலையில் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் என்று எழுதினாள். மேலே மயில், கீழே குருவம்மாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது.

மதுரையில் பதிப்பகம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. விக்னேஷ்குமாருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மெதுவாகப் பேசுகிறவன். டீ வாங்கிக் கொடுத்தான். தாள் கட்டைப் பிரித்து முன்னால் வைத்தான். ஓரமெல்லாம் பென்சில் கோடு.

"எழுத்து உங்களுக்கு வருதுக்கா. வெயில்ல சரக்கு காயறது, வண்டியில ஏறுனதும் கதவைப் பிடிச்சுக்கிட்டே தூங்குறது, நகத்துக்குள்ள போன வெள்ளிப் பொடி சாப்பிடும்போது சோத்துல தெரியறது... இதெல்லாம் எனக்கு யாரும் சொன்னதில்லை." தாள் கட்டின்மேல் கையை வைத்தான். "ஆனா கதையில வர்ற இந்த நாலு பொம்பளைங்களும் முதல் பக்கத்துலயே செத்துட்டாங்க."

"விபத்து முந்நூத்துப் பதினெட்டாம் பக்கத்துல வருது தம்பி."

"அதைத்தான் சொல்றேன். சாகப்போறோம்னு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி பேசுறாங்க. எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க. எல்லாரும் அழுதுக்கிட்டே இருக்காங்க. ஒருத்தராச்சும் ஒருநாளாச்சும் கெட்ட வார்த்தை பேசியிருக்க மாட்டாங்களா?"

"செத்துப்போனவங்களைப் பத்தி அப்படியெல்லாம் எழுதலாமா?"

"உயிரோட இருந்தவங்களைப் பத்தி எழுதுங்கக்கா" என்றான் அவன். "திருத்தி எழுதித் தந்தீங்கன்னா நான் போடுறேன். எவ்வளவு நாள் ஆனாலும் சரி."

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாடியில் உட்கார்ந்துகொண்டு டீ குடிக்கிறவனுக்கு என்ன தெரியும்? எரிந்துபோனது அவன் தங்கையா? தாள் கட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். மூன்று வாரம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காவது வாரம் அவள் ஒரு காரியம் செய்தாள். கட்டை அச்சகத்துக்கு எடுத்துப்போனாள். மதிய நேரத்தில் அதைத் தன் மேசைமேல் வைத்து, யாரோ வெளியூர்க்காரர் கொடுத்துவிட்டுப்போன வேலையைப் பார்ப்பதுபோல, சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள்.

நாற்பதாம் பக்கத்துக்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவள் யார்? குருவம்மாள் என்று பெயர் போட்டிருக்கிறது, குருவம்மாளைக் காணோம். நாவலில் வருகிறவள் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். தனக்கில்லாமல் பிறருக்குக் கொடுப்பவள். நிஜக் குருவம்மாள் வண்டியில் ஜன்னலோர இடத்துக்காகத் தினமும் சண்டை போடுவாள். சம்பள நாளில் சாத்தூர் கடையில் பக்கோடா வாங்கி, முந்தானைக்குள் மறைத்துத் தனியாகத் தின்பாள். கையும் களவுமாகப் பிடித்தால், "நீ கேக்கலையேக்கா, கேட்டா தந்துருப்பேன்ல" என்பாள். இதில் ஒரு வரிகூட நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் இல்லை.

அன்று மதியம் வள்ளித்தாய் சாப்பிடவில்லை. 'கண்ணீர்' என்று வருகிற இடத்திலெல்லாம் வட்டம் போட்டாள். பேனாவே தீர்ந்துபோகும்போல இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்த விதத்தைப் பார்த்து வீட்டில் எல்லாருக்கும் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. ஆசைப்பட்டு எழுதிய பக்கங்களைப் பத்து பத்தாக எடுத்து ஓரத்தில் போட்டாள். மழை பெய்கிற ஒரு அத்தியாயம். அதை எழுதி முடித்த அன்று சந்தோஷத்தில் கேசரி கிண்டினாள். அதுவும் போனது. சினேகா அப்போது சாத்தூரில் பி.காம். இரண்டாம் வருஷம். அம்மா கழித்த தாள்களைப் பத்திரமாக எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்தாள்.

"ஏம்மா, இது நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மழை அவளுக்குப் பெய்யல. எனக்குப் பெய்யுது" என்றாள் வள்ளித்தாய்.

பதினொரு மாதம் இப்படிப் போனது. பக்கம் இருநூற்று முப்பதாகக் குறைந்தது. பக்கோடா வந்தது, ஜன்னலோரச் சண்டை வந்தது, சித்திரைத் திருவிழாவுக்கு அக்காவுக்கென்று எடுத்த பச்சைச் சேலையை அவளுக்கு முந்தி உடுத்திவிட்டு வந்து நின்ற குருவம்மாள் வந்தாள். எல்லாம் கூடிவந்து, கடைசி நாள் காலையில் வந்து நின்றுவிட்டது.

அந்தக் காலை வள்ளித்தாய்க்குத் தெரியாது. அவள் அங்கே இல்லை. நாலாம் நம்பர் ரூமில் நாலு பேர் உட்கார்ந்து திரி வைத்துக்கொண்டிருந்தார்கள். பத்தே முக்காலுக்கு வெடித்தது. அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. முதல் தடவை எழுதியதில் அந்த இடத்தை ஒப்பாரியால் நிரப்பியிருந்தாள். இப்போது அது செல்லாது என்று அவளுக்கே தெரிந்தது. ஏழு விதமாக எழுதிப் பார்த்தாள். சினிமாவைப் பற்றிப் பேச வைத்தாள். மாமியாரைத் திட்ட வைத்தாள். எல்லாம் டீக்கடை சுவரில் வரைந்த படம்போல இருந்தது.

அவள் கணவர் சீனிச்சாமி தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. ஆனால் மனைவி எழுதுகிற நேரத்தில் ரேடியோவை அணைத்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எட்டாவது தடவையாகத் தாளைக் கசக்கியதைப் பார்த்துவிட்டு, லாரி டயருக்குக் காற்று அடித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன வள்ளி, அங்கனயே நிக்குதா வண்டி?"

"அன்னைக்கு அவுக என்ன பேசிக்கிட்டு இருந்தாகன்னு தெரியலங்க."

"தெரிஞ்ச ஆள் ஒண்ணு இருக்குல்ல? கேட்டா என்ன?"

வள்ளித்தாய் கசக்கிய தாளைத் திரும்பப் பிரித்தாள். அவர் பம்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"பாலம்மாளைத்தான் சொல்லுதேன். காரியாபட்டிப் பக்கந்தான இருக்கு?"

"அவளை நான் கொன்னுட்டேங்க."

"என்ன?"

"நாவல்ல" என்றாள்.

நாலாம் நம்பர் ரூமில் இருந்த நாலு பேரில் மூன்று பேர் இறந்தார்கள். நாலாவது ஆள் பாலம்மாள். வள்ளித்தாயின் பெரியப்பா மகனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். அதனால் அக்காளுக்கும் தங்கைக்கும் மதினி முறை. வெடித்தபோது பாலம்மாள் வெளியே போயிருந்தாள் என்றும், ஓடிவந்து குருவம்மாளை இழுத்து வெளியே போட்டது அவள்தான் என்றும், அதில்தான் அவளுடைய இரண்டு கையும் வெந்தது என்றும் ஊருக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் நாலு மாதம் இருந்துவிட்டு, ஊருக்கே திரும்பாமல் புருஷனோடு தன் பிறந்த ஊருக்குப் போய்விட்டாள். அந்த நாலு மாதத்தில் வள்ளித்தாய் ஒரு தடவைகூட அவள் கட்டிலருகே போகவில்லை. பதினான்கு வருஷத்தில் ஒரு போன்கூடப் பேசவில்லை. நாவல் எழுதும்போது நாலு பேரையும் சேர்த்தே சாகடித்தாள். கதைக்கு அப்படி இருந்தால்தான் கனம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு விருதுநகர் வந்து பஸ் மாறிப் போனாள். காரியாபட்டியிலிருந்து மினிபஸ்ஸில் இருபது நிமிஷம். பாலம்மாள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் வேலை பார்க்கிறாள் என்று விசாரித்து வைத்திருந்தாள். போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சமையல்கூடத்து வாசலில் ஒரு பெரிய அண்டாவைச் சாய்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். வலது கையில் மூன்று விரல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இடது கட்டைவிரல் உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. தேங்காய் நாரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அழுத்திப் பிடித்துத் தேய்த்தாள். அண்டா பளபள என்று இருந்தது.

"ஏ... வள்ளியா?"

"ஆமா மதினி."

"நரைச்சுப்போச்சே உனக்கு! உள்ள வா. சாப்பிட்டியா? சாம்பார்சாதம் இருக்கு."

ஏன் வந்தாய் என்றோ, இத்தனை வருஷம் ஏன் வரவில்லை என்றோ கேட்கவில்லை. தட்டை வைத்துப் பரிமாறினாள். வள்ளித்தாய் சாப்பிட்டாள். பிறகு கையைக் கழுவிவிட்டுப் பையிலிருந்து தாளை எடுத்தாள்.

"மதினி, நான் ஒரு புத்தகம் எழுதுறேன். குருவம்மாளைப் பத்தி. நீங்களும் அதுல வர்றீக."

"நானுமா?" பாலம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "படி கேப்போம்."

முறத்தில் பருப்பைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். வள்ளித்தாய் பழைய எழுத்திலிருந்து அந்தக் கடைசிக் காலையைப் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்கே கூசியது. வெடிக்கிற இடம் வந்தது. நாலு பேர் என்று வந்தது.

"இரு இரு" என்று பாலம்மாள் கையைத் தூக்கினாள். "நான் செத்துட்டனா?"

"ஆமா மதினி."

"என்னைய எதுக்குடி கொன்ன?"

வள்ளித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். பாலம்மாள் ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். முறத்தில் இருந்த பருப்பு சிதறுகிற அளவுக்குச் சிரித்தாள். இன்னொரு சமையல்காரம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"செத்தாச் செத்துட்டுப் போறேன், அது பரவாயில்ல" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அன்னைக்குக் காலையில நாங்க கஞ்சிக்கு இல்லைன்னு அழுதுக்கிட்டு இருந்தோம்னு எழுதியிருக்கியே, அதுதான் பச்சப் பொய்."

"அப்ப என்ன மதினி பேசிக்கிட்டு இருந்தீக?"

பாலம்மாளின் சிரிப்பு நின்றது. சிதறிய பருப்பை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் போட்டாள். வள்ளித்தாயும் குனிந்து பொறுக்கினாள்.

"யாருட்டயும் சொன்னதில்ல" என்றாள் பாலம்மாள் கடைசியில். "பலவேசம் போர்மேன் இருந்தாருல்ல, உனக்குத் தெரியுமே?"

"வெடுவெடுன்னு விழுவாரே, அவருதான?"

"அவரேதான். முந்துன நாள் சாயங்காலம் சரக்கு காயப்போட்ட இடத்துல ஒரு வெள்ளாடு பூந்துருச்சு. அவரு விரட்டுறாரு. ஆடு என்ன செஞ்சுச்சு, அவரு வேட்டி நுனியைக் கவ்விக்கிட்டு ஓட்டமா ஓடிருச்சு. மனுசன் கோடு போட்ட அண்டர்வேரோட நிக்காரு. அந்த நேரம் பாத்து கேட்டுக்குள்ள ஆபீசர் ஜீப்பு வருது. இவரு முன்னாடி மறைக்கக் கைக்கு எட்டுன காலிப்பெட்டி ஒண்ணை எடுத்துப் பிடிச்சுக்கிட்டாரு. அந்தப் பெட்டி மேல என்ன பேரு போட்டிருந்துச்சு தெரியுமா?"

"என்ன?"

"அணுகுண்டு."

வள்ளித்தாய்க்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ சிரிக்கேல்ல? அவளுக எப்படிச் சிரிச்சாளுக தெரியுமா? குருவம்மாள் தரையில தட்டித் தட்டிச் சிரிக்கா. 'போதும் மதினி, வயிறு வலிக்கு'ங்கா. எனக்கே சிரிப்பு தாங்கல. ஒண்ணுக்கு முட்டிருச்சு. இருங்கடி, மிச்சக் கதைய வந்து சொல்லுதேன்னு எந்திரிச்சு வேலிப்பக்கம் போனேன். அதுக்குள்ள..." பாலம்மாள் கையை விரித்துக் காட்டினாள். "சிரிச்சதுலதான் நான் பொழச்சேன், வள்ளி. ஆனா அவளுகளைச் சிரிக்க வச்சதும் நாந்தான். கை தவறியிருக்கும். மருந்துக்கிட்ட உக்காந்துகிட்டு அம்புட்டுச் சிரிப்பு சிரிச்சா கை தவறாதா? நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா மூணு பேரும் இருந்திருப்பாளுக. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்னைய வந்து பாக்க?"

பள்ளிக்கூடத்தில் எங்கோ பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. வள்ளித்தாய் எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மதினி, தீ உங்க ரூம்ல பிடிக்கல."

பாலம்மாள் புரியாமல் பார்த்தாள்.

"மூணாம் நம்பர்லதான் முதல்ல பிடிச்சது. அங்கன மருந்து கலக்கும்போது உரசியிருக்கு. சுவரு இடிஞ்சுதான் உங்க ரூமுக்கு வந்துருக்கு. விசாரணை ரிப்போர்ட்ல இருக்கு. குருவம்மாள் நஷ்டஈட்டுக் கேசுக்காக நகல் வாங்கினோம். நாவலுக்காக அதை வரிவரியாப் படிச்சு எழுதி வச்சிருக்கேன். நீங்க சிரிச்சாலும் சிரிக்காட்டியும் அது வெடிச்சிருக்கும்."

"நெசமாவா?"

"எங்கிட்ட நகல் இருக்கு மதினி. கொண்டாந்து காட்டுதேன்."

பாலம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். ஒட்டிப்போன விரல்களை மற்றக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். ஒரு தாளில் எழுதி வள்ளித்தாய் வீட்டு அலமாரியில் இருந்த அந்த ஒரு வரி அவளுக்குப் பதினான்கு வருஷமாகத் தெரிந்திருக்கவில்லை. வள்ளித்தாய்க்கு அதைச் சொல்லவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதுமில்லை.

மினிபஸ்ஸுக்கு நேரமாகி எழுந்தபோது வள்ளித்தாய் கேட்டாள். "மிச்சக் கதை என்ன மதினி?"

"அது ஆம்புலன்ஸுல சொல்லிட்டேன்" என்றாள் பாலம்மாள். "குருவம்மாளும் நானும் ஒரே வண்டியிலதான் போனோம். அவளுக்கு நெனவு வந்து வந்து போச்சு. விருதுநகர் தாண்டும்போது கண்ணைத் தொறந்து, 'மதினி, மிச்சத்தைச் சொல்லு'ன்னா. சொன்னேன். ஆபீசர் ஜீப்புல இருந்து இறங்கி வந்து பலவேசத்தை மேலயும் கீழயும் பாத்துட்டு, 'சரக்கெல்லாம் பத்திரமா இருக்கா'ன்னு கேட்டாராம். அவளுக்குக் கேட்டுச்சோ என்னமோ. உதடு மட்டும் அசைஞ்சுச்சு."

திரும்பி வரும்போது வள்ளித்தாய் பஸ்ஸில் அழுதாள். சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் விடியற்காலையில் உட்கார்ந்து எழுதிய அத்தியாயத்தில் பிறகு ஒரே ஒரு வார்த்தையைத்தான் மாற்றவேண்டி வந்தது. நாலு பேர் சிரிக்கிறார்கள். ஆடு ஓடுகிறது. தரையில் தட்டித் தட்டி ஒரு பெண் சிரிக்கிறாள். எட்டு வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்த தங்கை வந்து தாளில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணீர் என்ற வார்த்தை அந்த அத்தியாயத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. அதை வாசித்துப் பார்த்த சினேகா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதோடு முடித்திருக்கலாம். விக்னேஷ்குமார் அதற்கே சம்மதித்திருப்பான். ஆனால் பாலம்மாள் கேட்ட கேள்விக்கு வள்ளித்தாய் இன்னும் பதில் சொல்லவில்லை. என்னை எதற்குக் கொன்றாய்?

அந்தப் பதிலை எழுத அவளுக்கு ஆடி மாதம் முழுவதும் ஆனது. அச்சகத்தில் காலண்டர் வேலை தலைக்குமேல் கிடந்த மாதம் அது. நாவலுக்குள் ஓர் அக்காவைக் கொண்டுவந்தாள். தங்கை சாகக் கிடக்கும்போது, பக்கத்து வார்டில் கைக்கட்டோடு படுத்திருக்கிறவளைக் கதவோரம் நின்று பார்க்கிறாள் அந்த அக்கா. இவள் ஏன் இருக்கிறாள், என் தங்கைக்குப் பதில் இவள் போயிருக்கக்கூடாதா என்று நினைக்கிறாள். தங்கையை இழுத்து வெளியே போட்டுத்தான் அந்தக் கை வெந்தது என்று தெரிந்தும் நினைக்கிறாள். வாங்கிப்போன இளநீரைக் கொடுக்காமலே திரும்பிவிடுகிறாள். ஒன்பதே பக்கம். எழுதி முடித்த அன்று வள்ளித்தாய் அதைத் திரும்பப் படித்தாள். நாலு தடவை அதைக் கிழிக்கப் போனாள். கிழிக்கவில்லை.

பாலம்மாளுக்குப் படித்துக் காட்டாமல் இதை வெளியே விடக்கூடாது என்று முடிவு செய்து அவளுக்குப் போன் போட்டாள். பாலம்மாள் இருக்கன்குடி கோவிலுக்குப் பொங்கல் வைக்க வருவதாகச் சொன்னாள். வந்தாள். பதினான்கு வருஷம் கழித்துக் கீழச்சோலைப்பட்டிக்குள் கால் வைத்தாள். தெருவில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு பேச, வீடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. சீனிச்சாமி, "வாங்க வாங்க, ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் லோடு இறக்கக் கிளம்பிவிட்டார். வள்ளித்தாய் முதலில் விசாரணை ரிப்போர்ட்டின் நகலை எடுத்து வந்து அந்த வரியைப் படித்துக் காட்டினாள். பாலம்மாள் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் நாவலை எடுத்தாள் வள்ளித்தாய். சிரிப்பு அத்தியாயத்தைப் படித்தாள். பாலம்மாள், பலவேசத்துக்கு மீசை இல்லை என்று ஒரு திருத்தம் சொன்னாள். பிறகு அந்த ஒன்பது பக்கம்.

படிக்கும்போது வள்ளித்தாய் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசி வரியையும் படித்து முடித்தாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"இம்புட்டு நாளா இது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" என்றாள் பாலம்மாள்.

வள்ளித்தாய் நிமிர்ந்தாள்.

"கதவுக்கிட்ட நீ நின்னதை நான் பாத்தேன். இளநியோட நின்ன. உன் கண்ணைப் பாத்தாலே தெரிஞ்சுச்சு. நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். அதுக்காக எழுதாம விட்டுறாத. நல்லா இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "இளநி யாருக்குக் குடுத்த?" என்று கேட்டாள்.

"நானே குடிச்சுட்டேன் மதினி."

"அதையும் எழுது" என்றாள்.

எழுதினாள். நாவல் 'மிச்சக் கதை' என்ற பெயரில் தை மாதம் வெளிவந்தது. இருநூற்று நாற்பத்தெட்டுப் பக்கம். விக்னேஷ்குமார் பென்சிலே எடுக்காமல் அச்சுக்கு அனுப்பியதாகச் சொன்னான். அச்சக முதலாளி ஐம்பது பிரதி வாங்கி, வேலை செய்கிற எல்லாருக்கும் கொடுத்தார்.

விருதுநகரில் புத்தகக் கண்காட்சி நடந்தபோது பதிப்பகத்தின் ஸ்டாலில் வள்ளித்தாயை ஒரு நாள் உட்கார வைத்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு பெண் வந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருக்கவேண்டும். சோற்று வாளி கையில் இருந்தது. நகக்கண்ணில் வெள்ளிப் பொடி மின்னியது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து வாங்கினாள். கையெழுத்துப் போட்டுக் கொடுங்க என்று நீட்டினாள்.

"பேர் என்னம்மா?"

"பேச்சியம்மாள்."

வள்ளித்தாய் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். "எந்த ரூம்ல வேலை?"

"திரி வைக்கிற ரூம்லக்கா. நாலு பேரு இருக்கோம்."

"நாலு பேரும் என்ன பேசுவீக?"

பேச்சியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அதை ஏன் கேக்குறீக" என்று ஆரம்பித்தாள். வள்ளித்தாய் மேசையை விட்டு முன்னால் குனிந்தாள். பின்னால் கையெழுத்துக்கு நாலைந்து பேர் நின்றார்கள். விக்னேஷ்குமார் சத்தமில்லாமல் இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்து பேச்சியம்மாளுக்குப் போட்டான்.